ஒரு கோவா உயரம்

குருநாகலில் செய்த கார் அது.
நிசான் சன்னியின் இடுப்பெலும்பில்
அறுபது வருடத்துக்கு முந்திய முகம்.
உருண்ட விளக்கு, கம்பிச் சக்கரம்,
தோல்பட்டி கட்டிய நீள மூக்கு.
பழசு போலப் பிறந்த புதுசு.
புளோரன்ஸ் அக்கா அதற்கு வெள்ளையடித்து
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டாள்.
நுவரெலியாவில் கல்யாணமும் மழையும்
ஒரே முகூர்த்தத்தில்தான் வரும்.

போன ஐப்பசியில் ஒரு மணப்பெண்
லபுக்கலை வளைவில் நனைந்தாள்.
மை வழிந்த படங்களுக்கு
மாப்பிள்ளை வீட்டார் காசு கழித்தார்கள்.
அதற்குப் பிறகுதான்
கந்தப்பளையில் என் கராஜுக்கு
லொறியில் வந்தது இந்தக் கூரை,
இரண்டு கம்பளியும் ஒரு பாயும் சுற்றி,
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் மாதிரி.

ஃபைபர் கிளாஸ். முப்பது கிலோ.
ஒருவனால் தூக்க முடியும்,
ஒருவனால் இறக்க முடியாது.
நான் இடது. ஜெரோம் வலது.
"மெதுவா, பெயின்ட், பெயின்ட்"
என்று அக்கா பின்னாலேயே நடந்தாள்.

முன் கொக்கி இரண்டையும் முதலில் மாட்டு.
முறுக்காதே. சும்மா கடிக்கட்டும்.
பின்பக்க போல்ட் துளைக்குள் விரல் விட்டால்
அரை அங்குலம் தள்ளி நிற்கிறது.
அச்சு எடுத்தது வேறொரு காரில்;
இரண்டும் ஒரே பட்டறைப் பிள்ளைகள்தான்,
தோள் அகலம் வேறு.
அரம் எடுத்தேன்.
வெள்ளைத் தூள் மூக்கில் ஏற ஏற
துளை நீள்வட்டமாகும் வரை ராவினேன்.
தூக்கினோம். இறக்கினோம். ஏழு முறை.
குளிரில் விறைத்த ரப்பர் பீடிங்
சொன்ன பேச்சுக் கேட்கவில்லை;
தேத்தண்ணிக் கேத்தலின் ஆவியில் காட்டி
மனதை இளக்கினோம்.

எட்டாவது முறை
டக்.

ஜெரோம் ஹோஸ் பிடித்தான்.
நான் உள்ளே, கண்ணாடியை ஏற்றிவிட்டு.
மேலே மழை. மடியில் இல்லை.
லயத்தில் வளர்ந்தவன் நான்;
எந்த ஆணித் துளை எப்போது ஒழுகும்,
எந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று
இருட்டிலும் கை அறியும்.
அன்றைக்குத்தான்
மழைக்குக் கீழே
சும்மா உட்கார்ந்திருந்தேன்,
ஜெரோம் கண்ணாடியைத் தட்டும் வரை.

"பொண்ணு உக்காந்து பாக்கணுமே" என்றாள் அக்கா.
அவளுக்கு முழங்கால் மடங்காது.
ஆகவே நான்.
அவள் கட்டும் கொண்டை சின்னக் கோபுரம்:
உள்ளே பஞ்சு, வெளியே பூ,
உச்சியில் கல் வைத்த கிரீடம்.
எதிர்த் தோட்டத்தில் ஒரு கோவா கேட்டு வாங்கி
என் தலையில் வைத்து
தன் ஷாலால் நாடியோடு சேர்த்துக் கட்டினாள்.
"இதான் அளவு. ஏறு."

ஏறினேன்.
கோவா கூரையில் முட்டியது.
குனிந்தேன். நாணம், பரவாயில்லை என்றாள்.
நிமிர்ந்தேன். இலை நொறுங்கியது.
வலப்பக்கம் சாய்ந்தேன். மாப்பிள்ளை ஸ்தானத்தில் ஜெரோம்,
முழங்கையால் தள்ளிவிட்டான்.
ராகலை பஸ் எங்களைப் பார்ப்பதற்கென்றே நின்றது.
ஜன்னலெல்லாம் பல்.

அக்கா சிரிக்கவில்லை.
இல்லாத இடைவெளியை விரலால் அளந்தாள்.
கொண்டையைக் குறைத்தால் காசு குறையும்.
கூரையை உயர்த்தினால் கார் வேனாகும்.
மலையில் இறங்கும் பனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"கழட்டு" என்றாள் பிறகு.
"பன்னிரண்டாந்தேதி மழை வராது.
வந்தா குடை."

கொக்கி இரண்டு. போல்ட் நாலு.
தேத்தண்ணி ஆறுவதற்குள் இறக்கி
உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டோம்,
கடைசல் மெசினுக்கு மேலே,
எங்கள் தகரம் ஒழுகுகிற
அதே இடத்தில்.

இப்போது பெய்கிறது.
ஜெரோம் கோவாவை அரிகிறான், இரவைக்கு வறை.
தலைக்கு மேல் வெள்ளைக் கூரை
மூடுவதற்குக் கார் இல்லாமல்
லேசாக ஆடுகிறது.
வெளியே ஹாரன்.
வைப்பர் கண்ணாடியின் அந்தப் பக்கத்தை மட்டும் துடைக்க
அக்கா வீட்டுக்குப் போகிறாள்,
ஒரு கையில் ஸ்டியரிங்,
ஒரு கையில் குடை.